அனுமதிக்குக் காத்திருந்த பின்னூட்டம்

கண்ணாடிக்காரி என்பது அவள் தனக்குத் தானே சூட்டிக்கொண்ட பெயர். மூக்குக்கண்ணாடிக் கடையில் சட்டம் பொருத்துவதும், காதுக்குப் பின்னால் உறுத்துகிறது என்று வருகிறவர்களுக்குக் கம்பியைச் சூடாக்கி வளைத்துக் கொடுப்பதும் அவள் பிழைப்பு. வாரத்துக்கு ஒருமுறை, கடைக்கு விடுமுறை விடும் நாளில், தன் வலைப்பூவில் ஒரு பதிவு எழுதுவது அவள் பொழுதுபோக்கு. பதிவின் முதல் பாதியில் அந்த வாரம் கண்ணில் பட்ட ஏதாவது ஒன்று இடம்பெறும். குடையை மறந்துவிட்டு வந்தவர் மழையைத் திட்டியது, வரிசையில் நிற்பவர்கள் முன்னால் இருப்பவரின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருப்பது, இப்படி. இரண்டாம் பாதியில், இணையத்தில் மேய்ந்தபோது அகப்பட்டவை வரும். தேய்ந்த படிக்கட்டுகளின் ஓரங்களை மட்டுமே படம் பிடிக்கும் ஒருவரின் பக்கம். பழுதான கைக்கடிகாரங்களைப் பிரித்து வைத்து, ஒரு வார்த்தையும் பேசாமல் சரிசெய்யும் ஒரு பெண்ணின் காணொளிகள். இப்படிப்பட்டவற்றை எங்கிருந்துதான் பிடித்துக்கொண்டு வருகிறாளோ என்று அவளுடைய வாசகர்கள் வியப்பார்கள். அந்த வாசகர்களைக் கைவிரல் விட்டு எண்ணிவிடலாம்.

அவளுக்கு இரண்டு கொள்கைகள் உண்டு. யாருடைய பெயரையும் எழுதுவதில்லை என்பது ஒன்று. தன்னைக் குறைகூறி வரும் பின்னூட்டத்தை, ஓர் எழுத்தும் மாற்றாமல் வெளியிடுவது மற்றொன்று. முடி வளர்க்கும் தைல வியாபாரிகள் ஒருமுறை அவள் பதிவுகளுக்கு அடியில் வந்து குவிந்ததிலிருந்து, எந்தப் பின்னூட்டமும் அவள் அனுமதித்த பிறகே வெளியே தெரியும்படி ஒரு பூட்டுப் போட்டிருந்தாள். அந்த ஒரு கட்டுப்பாட்டைத் தவிர, அங்கே யாரும் எதையும் சொல்லலாம்.

வீட்டில் அவளும் மகளும் மட்டும்தான். மகள் அந்த வலைப்பூவைத் திறந்தும் பார்த்ததில்லை.

அந்த மகள் தன்னோடு வேலை பார்க்கும் ஒருவனை விரும்பினாள். பையன் வீட்டுக்கு முதன்முறையாகத் தாயும் மகளும் போய்வந்தார்கள். நல்ல மனிதர்கள், பேச்சும் நல்லபடியாகவே நடந்தது. ஆனால் எழுதுகிறவளின் கண் சும்மா இருக்குமா? அந்த வாரப் பதிவுக்கு அவள் இட்ட தலைப்பு ‘துணியோடு ஒரு பெண்மணி’.

‘தொலைக்காட்சி ரிமோட்டுக்குப் பிளாஸ்டிக் உறை. தொலைபேசிக்கு உறை. நாற்காலியின் கைப்பிடிக்கும் உறை. வீட்டுக்காரியின் தோளிலோ ஒரு துணி. நான் எழுந்தால் என் நாற்காலியைத் துடைத்துவிடுவாரோ என்று அஞ்சி அசையாமல் அமர்ந்திருந்தேன். வீட்டுக்காரர் செய்தித்தாளுக்குள் புதைந்திருந்தார். அவருக்கு முன்னால் வைத்த தேநீரைக் கடைசிவரை அவர் தொடவே இல்லை. பாவம், துணிக்குப் பயந்திருப்பார்.’

வாசகர்கள் சிரித்தார்கள். நெட்டைக்கொக்கு என்ற பெயரில் எழுதும் பழைய வாசகர், “அந்த வீட்டில் ஈ கூட அனுமதி கேட்டுத்தான் உட்காருமோ?” என்று கேட்டிருந்தார். அவளும் சிரித்துக்கொண்டே அதை அனுமதித்தாள்.

அடுத்த வாரம் அவளுக்கு ஓர் அருமையான பக்கம் அகப்பட்டது. எங்கோ ஒரு துறைமுகத்தில் கேமரா ஒன்றைப் பொருத்திவைத்து, கப்பல்களிலிருந்து சரக்குப் பெட்டிகள் இறங்குவதை நாள் முழுக்கக் காட்டிக்கொண்டிருந்தார்கள். அதைப் பற்றி எழுதினாள். அவள் வாயால் கேட்டிருந்த மகள் போகிற போக்கில் பையனின் தாயிடம் அதைச் சொல்லிவைக்க, அந்த அம்மாளே தொலைபேசியில் அழைத்துவிட்டார்.

“சம்பந்தியம்மா, நீங்க ஏதோ துறைமுகம் காட்டுற பக்கம் ஒண்ணு கண்டுபிடிச்சீங்களாமே? இவர் வேலைக்காலம் முழுக்கத் துறைமுகத்துல கிரேன் ஓட்டினவர். வீட்டுல உட்கார்ந்து உட்கார்ந்து சுவரையே பார்த்துக்கிட்டு இருக்கார். அதை அனுப்பி வைங்களேன்.”

கண்ணாடிக்காரிக்குத் தலைகால் புரியவில்லை. உறவு வட்டத்திலிருந்து அவள் எழுத்தைக் கேட்டு வாங்கிய முதல் ஆள்! உடனே அனுப்பினாள். அந்த அவசரத்தில்தான், வலைப்பூ எழுதுகிறவர்கள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு பிழையைச் செய்தாள். ஒரு பதிவுக்கென்று தனி முகவரி உண்டு. மொத்த வலைப்பூவுக்கும் ஒரு முகவரி உண்டு. அவள் அனுப்பியது மொத்த வலைப்பூவின் முகவரி. அதைத் திறந்தால் புதிய பதிவு மேலே நிற்கும். கொஞ்சம் கீழே தள்ளினால், போன வாரத்துப் பதிவு தானாக வந்து நிற்கும்.

பிறகு பையன் வீட்டிலிருந்து பேச்சுமூச்சு இல்லை. பிடித்திருந்தது என்றோ பிடிக்கவில்லை என்றோ ஒரு சொல்லும் வரவில்லை.

“அம்மா, அத்தை என் ஃபோனை எடுக்கவே மாட்டேங்கிறாங்க. அவரைக் கேட்டா, அம்மா ரெண்டு நாளா ஒரு மாதிரி இருக்காங்கன்னு சொல்றார். நீ ஏதாவது சொன்னியா?” என்று மகள் கேட்டாள்.

“நான் என்னடி சொன்னேன்? அவங்க கேட்ட துறைமுகத்தை அனுப்பினேன்.”

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது. கைப்பேசியை எடுத்து, தான் அனுப்பிய முகவரியைத் தானே திறந்து, கீழே தள்ளிப் பார்த்தாள். துறைமுகத்துக்கு அடியில், துணியோடு நின்றுகொண்டிருந்தார் பெண்மணி.

மகள் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தாள். படிக்கப் படிக்க முகம் சிவந்தது.

“இது அத்தை வீடுதானே? அம்மா! போன இடத்துல தேநீரைக் குடிச்சுட்டு வந்து, இப்படியா எழுதுவாங்க?”

“பேர் எதுவும் போடலையே.”

“ஆமா, பேர் போடலை. ரிமோட்டுலேருந்து நாற்காலி வரைக்கும் எல்லாத்தையும் போட்டுட்ட. நல்லா இருக்கு உன் ஒழுங்கு! முதல்ல அழி இதை. அழிச்சுட்டு அவங்க கால்ல விழு. எனக்கு அந்த வீட்டை விட்டா வேற வீடு கிடையாதும்மா, சொல்லிட்டேன்.”

அழிக்கத்தான் அவள் உள்ளே போனாள். வலைப்பூவின் உள்ளறையில், அனுமதிக்காக ஒரு பின்னூட்டம் காத்திருந்தது.

‘துணியோடு நின்ற பெண்மணி எழுதுவது. ரிமோட்டுக்கு உறை போட்டது தூசிக்காக இல்லை. என் வீட்டுக்காரருக்குக் கை நடுங்கும். குவளையை எடுத்தால் பாதி வெளியே போய்விடும். நீங்கள் வருவதற்கு முன்னால்தான் ஒருமுறை கொட்டியிருந்தது. அதைத்தான் துடைத்தேன். நீங்கள் இருந்தவரை அவர் தேநீரைத் தொடாதது துணிக்குப் பயந்து இல்லை, உங்களுக்குப் பயந்து. கப்பலிலிருந்து பெட்டியைப் பூப்போல இறக்கிய கை இப்படி ஆனது யாருக்கும் தெரியக் கூடாது என்று அவருக்குப் பிடிவாதம். அதனால் எல்லோரும் என்னைச் சுத்தப் பைத்தியம் என்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும் என்று இருந்தேன். நீங்களும் உங்கள் கொக்கும் சேர்ந்து சிரித்த பிறகு, இருக்க முடியவில்லை. இன்னும் ஒன்று. ரயிலைப் பிடிக்கப் போகிறவர் போல, கைப்பையைக் கடைசிவரை மடியிலேயே வைத்திருந்தீர்கள். நான் அதை எங்கேயும் எழுதவில்லை.’

“என்ன எழுதியிருக்காங்க? காட்டு,” என்றாள் மகள்.

“என்னைத் திட்டியிருக்காங்க. உனக்கெதுக்கு?” என்று கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

வாழ்க்கையில் முதன்முறையாக, அவளுடைய கொள்கை அவளுக்கு உதவவில்லை. குறைகூறும் பின்னூட்டத்தை வெளியிட வேண்டும். வெளியிட்டால், ஒரு மனிதர் பொத்திப் பொத்திக் காத்துவந்ததைச் சந்தையில் கொட்டியதாகும். மறைத்தால், அந்த அம்மாளின் வாயை அடைத்ததாகும். பதிவை மட்டும் அழித்துவிட்டால், மாட்டிக்கொண்டதும் தடயத்தைத் துடைத்ததாகும். எந்தப் பக்கம் திரும்பினாலும் குத்தியது. கண் இருந்தும், செய்தித்தாளுக்கு அடியில் இரண்டு கைகள் ஒளிந்திருந்ததைத் தான் பார்க்கவில்லையே என்பது எல்லாவற்றையும்விட அதிகமாகக் குத்தியது.

மறுநாள் கடையில் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு, ஒற்றை ஆளாகப் பேருந்து ஏறினாள்.

கதவைத் திறந்த சம்பந்தியம்மாளின் முகத்தில் அவள் எதிர்பார்த்த கோபம் இல்லை. தூங்காத கண்கள்தான் இருந்தன. உள்ளே அழைத்து, சமையலறைக்கே கூட்டிக்கொண்டு போய், தணிந்த குரலில் கேட்டார்.

“எத்தனை பேர் படிச்சாங்க?”

“எதை?”

“நான் எழுதினதைத்தான். கோபத்துல போட்டுட்டேன். எடுக்கிறது எப்படின்னு தெரியலை. பையனைக் கேட்டா அவனும் படிப்பான். உங்க பொண்ணு கூப்பிடுறப்பல்லாம், படிச்சுட்டுத்தான் கூப்பிடுறாளோன்னு கை எழவே இல்லை. இவருக்குத் தெரிஞ்சா என் முகத்துலயே முழிக்க மாட்டார்.”

“யாருமே படிக்கலைங்க. நான் அனுமதிச்சாத்தான் வெளியே தெரியும். நான் மட்டும் படிச்சேன். பொண்ணுகிட்டகூடச் சொல்லலை.”

சம்பந்தியம்மாள் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு மெல்ல மூச்சு விட்டார்.

“நான் பார்த்ததை எழுதினேன். பார்த்த லட்சணம் அப்படி. மன்னிச்சுடுங்க. என் பதிவை இப்பவே, உங்க கண் முன்னாடியே எடுத்துடுறேன்,” என்றாள் கண்ணாடிக்காரி.

“எதை எடுக்கப் போறீங்க?” என்று சமையலறை வாசலிலிருந்து குரல் வந்தது. சம்பந்தி நின்றுகொண்டிருந்தார். இரண்டு கைகளும் சட்டைப்பைகளுக்குள் இருந்தன. “துணிக்குப் பயந்தவன் கதையையா? வேண்டாம் சம்பந்தியம்மா, இருக்கட்டும். கப்பலைப் பார்க்கப் போய் அதையும் படிச்சேன். வயிறு வலிக்கச் சிரிச்சேன். என்கூட வேலை பார்த்தவங்களுக்கெல்லாம் அனுப்பிட்டேன்.”

“அனுப்பிட்டீங்களா?” என்றார் அவர் மனைவி.

“ஆமா. வீட்டுல துணியோட ஒரு போலீஸ்காரி இருக்கா, அதான் வெளியே வர்றதில்லைன்னு எழுதி அனுப்பினேன். எல்லாரும் நம்பிட்டாங்க.”

“நம்புவாங்க, ஏன் நம்ப மாட்டாங்க? எத்தனை வருஷமா நம்ப வெச்சுக்கிட்டு இருக்கேன்!” சம்பந்தியம்மாள் கணவர் பக்கம் திரும்பினார். “உங்க தங்கச்சி நம்புறா. மாடிவீட்டுக்காரி நம்புறா. நேத்து வந்த இவங்ககூட நம்பிட்டாங்க. சிரிங்க, நீங்களும் நல்லாச் சிரிங்க.”

சொன்ன வேகத்தில் கண்ணாடிக்காரியின் கையிலிருந்த கைப்பேசியைக் காட்டினார். “அதைத் திறங்க. நான் எழுதினதைத் திறங்க,” என்றார். திறந்து கொடுத்ததும், வாங்கிச் சாப்பாட்டு மேசையில் கணவருக்கு முன்னால் வைத்தார். “படிங்க.”

அவர் உட்கார்ந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டு குனிந்து படித்தார். ஒருமுறை படித்துவிட்டுத் திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினார். பெண்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

“இது ஏன் வெளியே வரலை?” என்று கேட்டார் கடைசியில்.

“நான் அனுமதிக்கலை. உங்க விஷயம் அது.”

“என் விஷயம்தான்.” அவர் மனைவியை நிமிர்ந்து பார்த்தார். “உன்னை ஊரே கேலி பண்ணுது, நான் பேப்பருக்குப் பின்னாடி உட்கார்ந்திருக்கேன். எனக்கு இது உறைக்கவே இல்லை பாரேன். போடுங்க சம்பந்தியம்மா. வெளியே போடுங்க.”

“என்னங்க, வேண்டாம். ஏதோ கோபத்துல...”

“கோபத்துலதான் நீ ஒழுங்கா எழுதியிருக்கே. இரு, முதல்ல அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லணும். அவ இதைப் படிச்சுத் தெரிஞ்சுக்கக் கூடாது.”

மனைவி தன் கைப்பேசியில் எண்ணைப் போட்டு அவர் காதருகே பிடிக்க, அவர் பேசினார். “ஆமாம்மா, மாமாதான். ஒண்ணுமில்லை, உங்கம்மா இங்கதான் இருக்காங்க, யாரும் யாரையும் அடிச்சுக்கலை. எனக்குக் கை நடுங்குது, அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். ஆமா, ரொம்ப நாளா. அவன்கிட்டச் சண்டை போடாதே, சொல்லக் கூடாதுன்னு நான்தான் அவன் வாயைக் கட்டிவெச்சேன்.” மறுமுனையில் மகள் என்ன சொன்னாளோ, அவர் சிறிது நேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். “சரிம்மா. வா, வந்து நீயே பாரு,” என்று முடித்தார்.

கண்ணாடிக்காரி கைப்பேசியை எடுக்கப் போனாள். அவர் தடுத்தார்.

“நானே அமுக்குறேன். எது?”

திரையின் அடியில் இரண்டு பொத்தான்கள் ஒட்டி ஒட்டி இருந்தன. ‘வெளியிடு’ என்பது ஒன்று, ‘அழி’ என்பது மற்றொன்று. அவர் வலக்கையை மடியிலிருந்து எடுத்தார். விரல் மேசைக்கு மேலே, இரண்டுக்கும் நடுவே துடித்தது. அவ்வளவு நேரம் மறைந்திருந்ததைக் கண்ணாடிக்காரி அப்போதுதான் பார்த்தாள். அவள் பார்வையை விலக்கவில்லை, அவரும் மறைக்கவில்லை.

“தப்பா அமுக்கிட்டா எல்லாமே போயிடும். நகருங்க, நான் பண்றேன்,” என்றார் மனைவி.

“சும்மா இரு. காத்து அடிக்கிறப்போ பெட்டி இப்படித்தான் ஆடும். அவசரப்பட்டு இறக்கக் கூடாது.” இடக்கையால் வலக்கையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். விரல் ஆடி ஆடி, ஒரு கணம் ஓய்ந்தது. அந்தக் கணத்தில் இறக்கினார்.

பதிவின் அடியில், நெட்டைக்கொக்குக்கு நேர் கீழே, பின்னூட்டம் வந்து நின்றது. கணவரின் தோளைத் தள்ளிக்கொண்டு குனிந்து, சம்பந்தியம்மாள் தான் எழுதியதை முழுவதும் படித்தார்.

“கொஞ்சம் நீளமாத்தான் எழுதிட்டேன்,” என்றார்.