பின்வாசல் மறியல்

அகஸ்ரினும் மனைவி ஜோசப்பினும் சண்டை பிடிக்க அரசாங்கம் ஒன்றே போதும். ஒரே மாகாண அலுவலகத்தில் வேலை, ஒரே கட்டிலில் படுக்கை, வாக்கு மட்டும் ஆளுக்கொரு கட்சிக்கு. புதிதாக வந்த கொன்சவேட்டிவ் அரசு செலவைக் குறைக்கிறேன் என்று ஆயிரக்கணக்கான வேலைகளில் கை வைத்தது. யூனியன் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. தொண்ணூற்றாறாம் ஆண்டு மாசி முடிவில் அலுவலகம் அடைபட்ட நாளிலிருந்து, ரொறன்ரோவின் சென் ஜேம்ஸ் ரவுணில் பதினான்காம் மாடியில் இருந்த அவர்களின் வீட்டில் கோப்பைகள் பறக்கத் தொடங்கின.

"வெட்டினால்தான் இந்த மாகாணம் உருப்படும்," என்று அகஸ்ரின் கத்துவார்.

"உம்மட கழுத்தை வெட்டேக்கையும் கை தட்டும்!" என்று ஜோசப்பின் திருப்பிக் கத்துவாள்.

இந்தக் கூத்தையெல்லாம் வரவேற்பறைச் சோபாவில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தவன் வீரக்குட்டி. மட்டக்களப்பான். அந்த வீட்டில் வாடகைக்கு இருந்தான். மனைவி இராசமணியும் மகள் பிரசாந்தினியும் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் விசாவுக்குக் காத்திருந்தார்கள். அவர்களைக் கூப்பிடும் பத்திரங்களை வரிக்கு வரி நிரப்பிக் கொடுத்தவள் ஜோசப்பின்தான்.

"வீரக்குட்டி, ஒரு பொலிஸ் கேஸும் வரப்படாது. வந்தால் அவை ரண்டு பேரையும் மறந்திடும்," என்று அவள் சொன்னதை அவன் வேதவாக்காக எடுத்துக்கொண்டான். சிவப்பு விளக்கில் தெருவைக் கடக்கக்கூடப் பயப்பட்டான்.

அவனுக்குத் துப்புரவு வேலை. அடைபட்ட அந்த அலுவலகத்துக்குள்தான் கொன்ராக்ரர் துப்புரவாளர்களைத் தினமும் தன் வான் வண்டியில் கொண்டுபோய் இறக்கினான். ஜோசப்பின் அதற்காக அவனைக் கோபிக்கவில்லை. "நீர் யூனியன் ஆளில்லை. உமக்கு வேற வழியுமில்லை," என்று சொல்லிவிட்டு, விடியற்காலையிலேயே முன்வாசல் மறியலுக்குப் போய்விடுவாள்.

நான்காவது கிழமை அகஸ்ரினுக்குப் பொறுமை போய்விட்டது. "எனக்கும் உங்கட கிளீனர் நீல ஜக்கெற் ஒண்டு தா. உன்ர வானிலை ஏறிப் பின்வாசலாலை உள்ளுக்குப் போறன். மேசையிலை இருந்து வேலை செய்து காட்டுறன் உவையளுக்கு!"

வீரக்குட்டி தன் மாற்று ஜக்கெற்றை எடுத்துக் கொடுத்தான். இருக்க இடம் கொடுத்த மனிதர் அல்லவா.

பின்வாசலில் அன்று ஐம்பது பேருக்கு மேல் நின்றார்கள். எலும்பைத் துளைக்கும் குளிர். வான் திரும்பியதும் கைகள் தகரத்தில் படபடவென்று விழுந்தன. யாரோ ஒருவன் பக்கக் கண்ணாடியை முறித்தெடுத்தான். வான் இரண்டு பக்கமும் ஆடியது. கதவு இழுபட்டுத் திறந்தது.

முகம் முழுதும் மூடிய கறுப்புக் கம்பளித் தொப்பி ஒன்று உள்ளே எட்டிப் பார்த்தது. கண்களுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. துப்புரவாளர்களுக்குள் ஒளிந்து உள்ளே போகும் யூனியன் ஆட்களைக் கண்டுபிடிக்க, ஆளைத் தெரிந்த ஒருவரை மறியல்காரர்கள் நிறுத்தியிருந்தார்கள். வீரக்குட்டிக்கு அது தெரியாது. அந்த முகமூடி முதல் ஆளைப் பார்த்து இல்லையென்று தலையசைத்தது. இரண்டாவது ஆளுக்கும் இல்லை. வீரக்குட்டிக்கும் இல்லை. அகஸ்ரினைப் பார்த்ததும் ஒரு கணம் நின்றது. பிறகு, ஓமென்று ஆட்டியது.

தொண்ணூறாம் ஆண்டு ஆமிக்காரன் ஊரையே மைதானத்தில் வரிசையாக நிறுத்தியபோது, சாக்கால் முகத்தை மூடிய ஒருவன் இப்படித்தான் தலையாட்டினான். அவன் ஆட்டிய ஆட்டில் வீரக்குட்டியின் தம்பி யசிந்தன் லொறியில் ஏறினான். அவனுடைய செருப்புக்கூட வீட்டுக்குத் திரும்பி வரவில்லை. தலையாட்டி என்றால் என்னவென்று ரொறன்ரோவில் யாருக்குத் தெரியும்? வீரக்குட்டிக்குத் தெரியும்.

இரண்டு தடியர்கள் அகஸ்ரினைக் கொலரில் பிடித்து வெளியே இழுத்தார்கள். அவர் பனிச்சேற்றில் குப்புற விழுந்தார். விலாவில் ஒரு சப்பாத்துக் கால் விழுந்தது.

"தலையாட்டி நாயே!" என்று கத்தினான் வீரக்குட்டி.

தரை துடைக்கும் மொப் தடியோடு அவன் பாய்ந்தான். முதல் அடி முகமூடியின் தாடையில் இறங்கியது. ஏதோ முறிந்த சத்தம் கேட்டது. விழுந்தபின்னும் அடித்தான். ஆறு வருடமாக அடிக்க முடியாமல் போனதையெல்லாம் சேர்த்து அடித்தான். அதில் ஒரு சுகம் இருந்தது, பொய் சொல்வானேன்.

"ஐயோ, அம்மா!"

தமிழ்ச் சத்தம். அகஸ்ரின் தவழ்ந்து வந்து தொப்பியைப் பிடுங்கினார். ஜோசப்பினின் முகம் ஒரு பக்கம் கோணிக் கிடந்தது. வாயிலிருந்து இரத்தத்தோடு பல்லும் வந்தது.

"என்ர மனிசியைக் கொன்றுபோட்டியேடா!" அகஸ்ரின் தடியைப் பறித்து வீரக்குட்டியின் தோளில் ஒரு அடி போட்டார். இரண்டாம் முறை ஓங்கியபோதுதான் பொலிஸ்காரர்கள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார்கள். அவர்கள் கண்டது, கீழே இரத்தத்தில் ஒரு பெண், மேலே தடியோடு ஓர் ஆண். இரண்டு நீல ஜக்கெற்றில் அடித்தது எது என்று மறியல்காரர்களுக்கும் தெரியவில்லை. ஒருத்தி அகஸ்ரினைக் காட்டி, "இவன்தான், புருசன்! யூனியனை வெறுக்கிறவன்!" என்று ஆங்கிலத்தில் கத்தினாள்.

அகஸ்ரினை மண்டியிட வைத்து விலங்கு மாட்டினார்கள். "வீரக்குட்டி, சொல்லடா! உண்மையைச் சொல்லு!"

பொலிஸ்காரன் வீரக்குட்டியிடம் திரும்பி, குழந்தைக்குக் கேட்பதுபோல் மெதுவாகக் கேட்டான். இந்த மனிதர்தானே அந்தப் பெண்ணை அடித்தது?

வீரக்குட்டியின் கண்ணுக்குள் லொட்ஜ் அறை வந்தது. கட்டிலில் இராசமணி, பக்கத்தில் மூடிவைத்த சூட்கேஸ், அதன்மேல் ஏறியிருந்து காலாட்டும் பிரசாந்தினி.

"யெஸ்," என்றான்.

அகஸ்ரின் வாயைத் திறந்தபடி அவனையே பார்த்தார். அந்தப் பார்வையைவிட இன்னும் நாலு அடி வாங்கியிருக்கலாம் என்று வீரக்குட்டிக்குத் தோன்றியது. ஆனாலும் சொன்னதை அவன் திருப்பி எடுக்கவில்லை.

அம்புலன்ஸ் கட்டிலில் ஏற்றியபோது ஜோசப்பின் விழித்தாள். விலங்கோடு நின்ற புருசனைக் கண்டாள். பொலிஸ்காரனின் கையை எட்டிப் பிடித்தாள். பேச வாய் இல்லை. அகஸ்ரினைக் காட்டி இல்லை, இல்லை என்று கையை வீசினாள். பிறகு விரலை வீரக்குட்டியின் பக்கம் நீட்டினாள்.

பொலிஸ்காரன் அந்த விரலைப் பார்க்கவேயில்லை. அவளுடைய கையை மெல்ல விடுவித்துக் கம்பளிக்குள் வைத்தான். பக்கத்தில் நின்ற மற்றவனிடம், "அடி வாங்கின பெண்சாதிமார் எல்லாரும் இப்படித்தான், புருசனை விடச்சொல்லிக் கெஞ்சுவார்கள்," என்று சொல்லிவிட்டுக் கதவை அடித்துச் சாத்தினான்.