தலையணை உறையில் பதிமூன்று சீட்டு

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இது கதையாக ஆரம்பித்ததில்லை. இன்றைக்கு ஜனநாயகம் என்றால் மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று ஒரு தொகுப்புக்காகக் கட்டுரை கேட்டார்கள். நானும் மண்டையை ஆட்டிவிட்டேன். ஒரு வாரம் நோட்டும் கையுமாக அலைந்தேன். பஸ் நிறுத்தத்தில் நின்றவர், "ஓட்டுப் போடுறதுதான், வேற என்ன?" என்றார். மருந்துக் கடைக்காரர், "அதெல்லாம் நேரம் இருக்கிறவங்களைக் கேளுங்க" என்று சில்லறையை எடுத்து வைத்தார். என் அக்கா மகள் போனிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள்: "நிறைய பேர் எதைச் சொல்றாங்களோ அதை எல்லாரும் ஒத்துக்கிறது சித்தி."

அதில் என்ன தப்பு என்று எனக்குச் சொல்ல வரவில்லை. தப்பு இருக்கிறது என்று மட்டும் தெரிந்தது. கட்டுரை அந்த இடத்திலேயே படுத்துவிட்டது.

2

கட்டுரைக்குப் பதில் ஒரு கதை. அதன் தொடக்கத்தை மூன்று தடவை எழுதினேன்.

"அந்தச் சலவைக்கூடத்தில் ஜனநாயகம் நீராவியைப் போல எங்கும்" (சீ. மேலே எழுதக் கை வரவில்லை.)

"அவளுடைய மூன்று விரல்கள் போனது ஒரு செவ்வாய்க்கிழமை." (உண்மைதான். ஆனால் அவள் விரலை வைத்து உங்களை இழுத்துப் பிடிக்க எனக்கே கூச்சமாக இருக்கிறது.)

மூன்றாவது இதோ. ஒரு பெரிய ஆஸ்பத்திரி. அதன் பின்புறம், குப்பை வண்டி நிற்கும் இடத்தைத் தாண்டி, சலவைக்கூடம். பகல் ஷிப்டில் பதினாலு பேர். வார்டிலிருந்து வரும் படுக்கை விரிப்பைத் துவைத்து, ரோலர் மெஷினில் விட்டு இஸ்திரி போட்டு, நீள மேசையில் மடித்து அடுக்க வேண்டும். ரோலர் என்பது சுடச்சுட உருளும் இரண்டு இரும்பு உருளை. நடுவில் ஈரத் துணியைக் கொடுத்தால் அந்தப் பக்கம் மொறமொறவென்று வரும்.

இந்தப் பதினாலு பேருக்கு ஒரு பழக்கம் உண்டு. எதற்கெடுத்தாலும் ஓட்டு. ரேடியோவில் பாட்டா செய்தியா, மின்விசிறியை எந்தப் பக்கம் திருப்புவது, டீ இடைவேளை பத்தரைக்கா பதினொன்றுக்கா, எல்லாவற்றுக்கும் ஓட்டு. லேபிள் அட்டையின் பின்பக்கத்தைச் சின்னச் சின்னதாக வெட்டி ஆளுக்கொன்று கொடுப்பார்கள். எழுதி, மடித்து, வெளுத்த தலையணை உறை ஒன்றில் போட வேண்டும். அன்றைக்கு வேலைக்கு வந்தவர்களுக்கு மட்டும்தான் ஓட்டு. எண்ணி முடித்த பிறகு யாரும் முனகக் கூடாது. "எண்ணியாச்சுன்னா எல்லாரும் ஒண்ணு" என்பார்கள். மேலதிகாரிகள் எதையுமே கேட்காத ஓர் இடத்தில், இவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். அதில் அவர்களுக்கு அவ்வளவு பெருமை.

3

எண்ணுகிறவர் எப்போதும் பெரியக்காதான். வயதில் பெரியவர் என்று நினைக்காதீர்கள், உயரத்தில் பெரியவர். மேல் அலமாரிக்கு ஸ்டூல் போடாமல் கை எட்டுவது அவருக்கு மட்டும்தான். மடிப்பு மேசையில் பத்தொன்பது வருஷம். பொய் சொல்லத் தெரியாது என்று பெயர் வாங்கியவர். (பொய் சொல்லத் தெரியாதவரைக் கதையில் வைத்துக்கொண்டு எழுதுகிறவர் படும் பாடு எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.)

அவருடைய தங்கையும் அங்கேதான் வேலை பார்த்தாள். பதினொரு வருஷம் மடிப்பு மேசை, கடைசி நாலு மாதம் ரோலர். வாயாடி. சூப்பர்வைசர் வருகிற சத்தம் கேட்டால், "மகாராஜா வர்றார், மூச்சைப் பிடிங்க" என்பாள்.

ரோலருக்கு முன்னால் ஒரு தடுப்புக் கம்பி இருக்க வேண்டும். கை உள்ளே போகாமல் இருக்க. அந்தக் கம்பியில் விரிப்பு அடிக்கடி சிக்குகிறது, வேலை ஓடவில்லை என்று சூப்பர்வைசர் அதைக் கழற்றச் சொன்னார். பதினாலு பேர் முன்னாலும்தான் சொன்னார். கழற்றி மூன்று மாதம் ஆன பிறகு, அந்தச் செவ்வாய்க்கிழமை, தங்கையின் வலது கையில் மூன்று விரல்களை ரோலர் எடுத்துக்கொண்டது.

விசாரணை என்று ஒரு காகிதம் வந்தது. தடுப்பைக் கழற்றியது அவளே என்று அதில் இருந்தது. அப்படியென்றால் வேலையும் கிடையாது, நஷ்ட ஈடும் கிடையாது. கை போனது போதாதென்று பழியும் அவள் தலையில்.

4

கை போன ஒன்பதாம் நாள் சாப்பாட்டு நேரத்தில் கூடினார்கள். "கழற்றச் சொன்னது சூப்பர்வைசர், எங்கள் எல்லாருக்கும் தெரியும்" என்று எழுதி எல்லாரும் கையெழுத்துப் போடுவதா, வேண்டாமா?

"போட்டா நம்ம கதி?" என்றார் பாட்டுக்காரர். வேலை பார்த்துக்கொண்டே பாடுகிறவர். ரத்தம் சொட்டச் சொட்ட அவளை அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவர் இவர்தான்.

"போடலைன்னா அவ கதி?" என்றாள் தையல்காரி. கிழிந்த விரிப்புகளைத் தைப்பவள்.

"எனக்கு ரெண்டு பசங்க."

"அவளுக்கும்தான் ரெண்டு."

பிறகு யாரோ சொன்னார்கள்: "ஓட்டுக்கு விட்டுடலாம்."

எல்லார் முகத்திலும் அப்பாடா என்று ஒரு தெளிச்சி. நான் பொய் சொல்லவில்லை, அதைப் பார்த்தேன். (பார்த்தேன் என்று எழுதிவிட்டேன். அடிக்க வேண்டும். இப்போதைக்கு இருக்கட்டும்.)

உண்மையை ஓட்டுக்கு விடலாமா என்று அன்றைக்கு ஒருத்தரும் கேட்கவில்லை. ரேடியோவைக் கேட்ட மாதிரியே இதையும் கேட்டார்கள்.

5

பெரியக்கா எண்ண உட்கார்ந்தார். பக்கத்தில் கோடு போட ஒருத்தி. பட்டம் வாங்கிவிட்டு வேறு வேலை கிடைக்காமல் அங்கே வந்தவள் என்பதால் அவளுக்குக் காலேஜ் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

முதல் சீட்டை எடுத்ததும் பெரியக்காவின் கை நின்றது. பிரிப்பதற்கு முன்னாலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது, அது யாருடையது என்று. இந்தக் கூடத்துக்காரர்களுக்கு மட்டுமே நேரக்கூடிய தவறு இது. நாள் முழுக்க மடிக்கிற கைகள், சீட்டையும் தங்கள் மடிப்பிலேயே மடித்தன. பாட்டுக்காரர் மூன்றாக மடித்து ஓரத்தை நகத்தால் நீவுவார். தையல்காரி மூலையை உள்ளே செருகுவாள். ஒருவர் முதலில் குறுக்காக மடிப்பார், ஒருவர் சுருட்டின மாதிரி. பத்தொன்பது வருஷமாக அவர்கள் அடுக்கைச் சரிபார்க்கிறவருக்கு இதில் ஒரு ரகசியமும் கிடையாது. யார் ரேடியோவில் செய்தி கேட்டது, யார் மின்விசிறியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டது எல்லாம் தெரிந்தே இருந்தார். உள்ளுக்குள் சிரித்துக்கொள்வார். வாயைத் திறந்ததில்லை.

அன்றைக்குச் சிரிக்க முடியவில்லை. நகத்தால் நீவின சீட்டைப் பிரித்தார். "வேண்டாம்." சூப்பர்வைசரிடம் கோள் சொல்வதாக எல்லாரும் ஒதுக்கி வைத்த ஒருவருடைய சீட்டைப் பிரித்தார். "சரி." குரல் மாறாமல் பதிமூன்றையும் படித்தார். வேண்டாம் எட்டு. சரி ஐந்து.

"எண்ணியாச்சு" என்றார்.

(நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. அந்த ஐந்து பேராவது போய்க் கையெழுத்துப் போட்டிருக்கலாமே? போடவில்லை. எண்ணியாச்சுன்னா எல்லாரும் ஒண்ணு. அந்த ஐந்து பேரும் கட்டுப்பட்டார்கள். இதை நினைத்து நினைத்து எனக்கு எத்தனையோ நாள் தூக்கம் போயிருக்கிறது.)

அதன்பின் பெரியக்கா செய்ததுதான் விசேஷம். எண்ணின சீட்டைக் கிழித்துப் போடுவதுதான் வழக்கம். அவரோ ஒவ்வொன்றையும் அதனதன் பழைய மடிப்பிலேயே திரும்ப மடித்து உறைக்குள் போட்டார். வேண்டுமென்று செய்யவில்லை. மனசு எங்கேயோ இருந்தது, கை அதன் வேலையைச் செய்தது. பிரிந்து கிடப்பதைப் பார்த்தால் மடிக்காமல் இருக்க அந்தக் கைக்குத் தெரியாது.

6

இங்கே ஒரு சங்கடம். கதை எழுதுகிறவருக்கு எல்லார் மனசுக்குள்ளும் போய்வர அனுமதி உண்டு. பதிமூன்று பேரும் என்ன எழுதினார்கள், ஏன் எழுதினார்கள் என்று ஆளுக்கு ஒரு பக்கம் எழுதிவிடலாம். எழுதியும் பார்த்தேன். எழுதியதும் திருட்டுத்தனம் செய்த மாதிரி இருந்தது. ரகசியம் என்று நம்பித்தானே போட்டார்கள்? பாட்டுக்காரரையும் இன்னொருவரையும் உங்களிடம் காட்டிக்கொடுத்ததே அதிகம். மற்றவர்களைக் காட்டமாட்டேன்.

இன்னொன்று. காலேஜ் என்று ஒருத்தியை ஓரமாக உட்கார வைத்தேனே, அது நான்தான். பதினாலு மாதம் அங்கே வேலை பார்த்தேன். பதினாறு வருஷம் ஆயிற்று. நான் என்று எழுதினால் நீங்கள் அடுத்து என்ன கேட்பீர்கள் என்று தெரியும், அதனால்தான் அவள் என்று எழுதி ஒளிந்துகொண்டேன்.

7

முடிவைத் தங்கை வீட்டுக்குப் போய்ச் சொல்ல வேண்டும். அன்றே வேலை முடிந்ததும் பெரியக்கா கிளம்பினார். தனியாகப் போகத் தெம்பில்லாமல் என்னையும் கூப்பிட்டார். மடிப்பு விஷயத்தை பஸ்ஸில்தான் சொன்னார். தலையணை உறை அவர் கைப்பைக்குள் இருந்தது. ஏன் கொண்டுவந்தீர்கள் என்று கேட்டேன். "குப்பையில போட மனசு வரல" என்றார்.

ஒரே அறை. கட்டிலில் சாய்ந்திருந்தாள் தங்கை. கட்டுப் போட்ட கை தலையணைமேல். பிள்ளைகள் இன்னும் பள்ளியிலிருந்து வரவில்லை.

"எட்டு, அஞ்சு" என்றார் பெரியக்கா.

"எனக்கு எட்டா, அஞ்சா?"

"அஞ்சு."

தங்கை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு கேட்டாள். "யாரு யாரு?"

"சீட்டுல பேர் இருக்காதும்மா."

"அக்கா, நானும் பதினொரு வருஷம் அந்த மேசையில நின்னவ. எனக்குத் தெரியாதா? உறையைக் கொண்டாந்திருக்கியா?"

பொய் சொல்லத் தெரியாதவர் என்றேன் இல்லையா? உறையை எடுத்துக் கட்டிலில் வைத்தார்.

இடது கையால் ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். எதையும் பிரிக்கவில்லை. போர்வைமேல் வரிசையாக வைத்தாள். "இது பாட்டுக்காரர். இது தையல்காரி." எல்லாரும் அவளோடு சாப்பிட்டவர்கள். நடுவில் ஒரு சீட்டு வந்தது. பெரியக்காவைப் பார்த்தாள். "இது உன்னோடது. இது எனக்குத் தெரிய வேண்டாம்." அதை மறுபடி உறைக்குள்ளேயே போட்டுவிட்டாள்.

கடைசியாக வந்தது கோணல்மாணலாக மடித்த ஒரு சீட்டு. பதினாலு மாதத்தில் எனக்கு மடிக்க வரவே இல்லை.

"இது காலேஜு." அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "பிரிக்கட்டுமா? நீயே சொல்றியா?"

8

மூன்று முடிவுகள் எழுதி வைத்திருந்தேன்.

ஒன்று: எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்துக் கதறுகிறாள். (அவள் கதறுகிறவள் இல்லை.)

இரண்டு: பெரியக்கா சீட்டுகளைப் பிடுங்கி வாளித் தண்ணீரில் (இல்லை. அந்த மனுஷி யாரிடமும் எதையும் பிடுங்கினதில்லை.)

மூன்று: மறுநாள் காலை பதிமூன்று பேரும் வரிசையாக வந்து கையெழுத்துப் போடுகிறார்கள். (இதை எழுதிவிட்டு ஒரு நாள் முழுக்கச் சந்தோஷமாக இருந்தேன். பிறகு கிழித்துவிட்டேன்.)

நடந்தது இதுதான். நான் படித்தவள் இல்லையா, படித்த பதிலைச் சொன்னேன். "ஓட்டு ரகசியம்க்கா. கேக்கக் கூடாது."

அவள் கோபப்படவில்லை. தலையை ஆட்டினாள். என் சீட்டைப் பிரிக்காமலே உறைக்குள் போட்டாள். மற்றதையும் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள். ஒற்றைக் கையால் போட வெகு நேரம் ஆயிற்று. நாங்கள் இருவரும் உதவவில்லை.

"சரிதான்" என்றாள். "எனக்கு மட்டும் ஓட்டு இல்லையே, அதான் கேட்டேன்."

பதினாலு பேர் நாங்கள். அன்றைக்கு வேலைக்கு வந்தவர்களுக்குத்தான் ஓட்டு என்பதால் பதிமூன்று சீட்டு வெட்டினோம். அதை வெட்டினது நான். ஒன்று குறைகிறதே என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அடுத்த மாதம் அவளை வேலையிலிருந்து நீக்கினார்கள். அதற்கடுத்த மாதம் நான் வேறு வேலைக்குப் போய்விட்டேன்.

9

இப்படிப்பட்ட கதையில் முடிவை வாசகரிடம் ஒப்படைப்பது வழக்கம். உங்களிடம் கொடுக்க மாட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். அவளை விட்டுவிட்டு அவள் விஷயத்தை ஒரு தடவை முடிவு செய்தாயிற்று, இன்னொரு தடவை வேண்டாம்.

நான் "வேண்டாம்" என்று எழுதினேன். பயந்துதான் எழுதினேன். இப்போது யாரும் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன்.

விலாசம் கண்டுபிடித்துவிட்டேன். அச்சுக்குப் போவதற்கு முன்னால் இதை அவளுக்கு அனுப்புகிறேன். இதற்குக் கீழே அரைப் பக்கம் காலியாக விடச் சொல்லியிருக்கிறேன். அது அவளுடையது. இடது கையால் எழுதப் பழகிவிட்டாளாம், விசாரித்தபோது சொன்னார்கள். அவள் அதில் எதை எழுதினாலும் ஓர் எழுத்து மாற்றாமல் அச்சாகும். இந்தக் கதை வெளிவரவே கூடாது என்று எழுதினால், நீங்கள் இதைப் படித்திருக்க மாட்டீர்கள்.