அக்னஸின் ஓவனும் ஆப்பசோடாவும்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆசீர் முசிறியிலிருந்து காரோடு வந்துவிடுவான். தங்கை ஜென்சிக்கு ஏழாம் மாதம். தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு அழைத்துப்போக வேண்டும். கிளம்புவதற்குள் அவளுக்கு ஒரு கேக் தின்றாக வேண்டும். பேக்கரிக் கேக் இல்லை. இந்த கே.கே. நகர் வீட்டில், மாமியார் அக்னஸின் ஓவனில் வெந்த பிளம் கேக். மசக்கையில் வராத ஆசையெல்லாம் இப்போது வந்திருந்தது.

"அதுக்கென்ன, செஞ்சிடுவோம்" என்று வாக்குக் கொடுத்தவர் மாமனார் இருதயநாதன். முப்பத்திரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி எடுத்தவர். கொடுத்த பிறகுதான் ஓவனின் கதவைத் திறந்து பார்த்தார். உள்ளே தார் ரோடு போட்டது மாதிரி இருந்தது.

அக்னஸ் போய் ஒன்றரை வருடம். அந்த ஈஸ்டருக்குக் கோழி ரோஸ்ட் செய்தாள். கொழுப்பு நாலு பக்கமும் தெறித்துவிட்டது. "நாளைக்குத் தொடைச்சுக்கலாங்க, கால் வலிக்குது" என்றாள், ஒரு கரண்டியைக்கூடக் கழுவாமல் மறுநாளைக்கு விடாதவள். மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அதற்குப் பிறகு யாரும் அந்தக் கதவைத் திறக்கவில்லை. போன கிறிஸ்துமஸ் துக்க வருடம், ஸ்டார்கூடக் கட்டவில்லை.

மகன் டோனி வெள்ளிக்கிழமை மதுரைக்கு டூட்டிக்குக் கிளம்புமுன் ஓவன் சுத்தம் செய்யும் ஸ்பிரே ஒன்றை வாங்கி வைத்துவிட்டுப் போனான். அவன் பஸ் ஏறியிருப்பானோ இல்லையோ, ஜென்சி மூக்கில் மாஸ்க்கோடு சமையலறையில் நின்றாள். இருதயநாதன் பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டார்.

"இது காஸ்டிக்மா. டாக்டரம்மா என்ன சொன்னாங்க? இந்த நெடியெல்லாம் உள்ள போகக் கூடாதுன்னாங்களா இல்லையா?"

"அதான் மாஸ்க் போட்டிருக்கேன்ல மாமா."

"அது உனக்கு. வயித்துல இருக்கிற ஆளுக்கு யாரு மாஸ்க் போட்டா?"

"அப்ப யாரு தொடைக்கிறது? அத்தையா வரப்போறாங்க?" சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"வந்தா முதல்ல என்னைத்தான் திட்டுவா" என்று சிரித்தார் அவர். "நான் எதுக்கு இருக்கேன்? நீ ஹால்ல நாற்காலியைப் போட்டு உக்காரு. மேற்பார்வை."

பாட்டிலைப் பரணில் ஏற்றிவிட்டு, ஆப்பசோடாவையும் வினிகரையும் எடுத்துக்கொண்டார். ஒரு கிண்ணத்தில் இரண்டையும் சேர்த்தார். புஸ்ஸென்று நுரை பொங்கியது. ஜென்சி கைதட்டினாள். பழைய வகுப்பறை உற்சாகம் வந்துவிட்டது அவருக்கு. பொங்கி அடங்கியதை உள்ளே ஊற்றி அரைமணி காத்திருந்து துடைத்தார். துணி நனைந்தது, கறை நனையக்கூட இல்லை. இன்னொரு பாக்கெட் சோடா. இன்னொரு புஸ். மூன்றாவது பாக்கெட்டும் தீர்ந்தபோது வீடு முழுக்க ஊறுகாய் வாசம்.

பக்கத்து வீட்டு நசீரா எட்டிப் பார்த்தாள். வீட்டிலிருந்தபடியே பிரியாணி ஆர்டர் எடுப்பவள். ஒரு காலத்தில் அவருடைய பத்தாம் வகுப்பு மாணவி.

"என்ன சார், பிராக்டிகலா?"

"அழுக்கு போக மாட்டேங்குதும்மா. இத்தனைக்கும் நல்லாப் பொங்குது."

"ரெண்டையும் ஒண்ணா கலந்தீங்களா?" நசீரா இடுப்பில் கை வைத்தாள். "பொங்கி முடிஞ்சா மிச்சம் என்ன சார் இருக்கும்? உப்பும் தண்ணியும்தானே? இந்தக் கேள்விக்குத்தான் எனக்கு நீங்க பூஜ்யம் போட்டீங்க."

இருதயநாதன் கிண்ணத்தைப் பார்த்தார். நசீராவைப் பார்த்தார். "அப்ப நீ தப்பா எழுதியிருந்த."

"இப்ப நீங்க தப்பா செஞ்சிருக்கீங்க. கணக்கு சரியாப் போச்சு."

"அக்கா, போதும், சிரிக்க வைக்காதீங்க, உள்ள உதைக்குது!" என்று ஹாலில் இருந்து ஜென்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"என் பிரியாணி அண்டா அடிபிடிச்சா என்ன பண்ணுவேன் தெரியுமா சார்? வெறும் ஆப்பசோடா, கொஞ்சம் தண்ணி. குழைச்சுப் பூசிட்டு அதை மறந்துடணும். காலையில வெந்நீர்த் துணி. அவ்வளவுதான். பிளக்கைப் பிடுங்கிட்டுச் செய்ங்க, சூடாகுற கம்பியில மட்டும் படக் கூடாது."

"இட்லி மாவு பதமா, தோசை மாவு பதமா?" உண்மையிலேயே சந்தேகம் கேட்டார்.

"ஒட்டணும் சார், வழியக் கூடாது. நோட்ல எழுதிக்கோங்க."

பூசினார். அதை மறப்பதுதான் கஷ்டமாக இருந்தது. படுக்கப் போகுமுன் மூன்று தடவை எட்டிப் பார்த்தார்.

சனிக்கிழமை காலை வெள்ளைப் பூச்சு காப்பி நிறத்துக்கு மாறியிருந்தது. ஜன்னல்களைத் திறந்துவைத்துக்கொண்டு, காலாவதியான ஏ.டி.எம். கார்டால் சுரண்டினார். கறை தோல் உரிவதுபோல உரிந்து வந்தது. பின்மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு திட்டு மட்டும் மிச்சம். அங்கே கார்டு நின்றது.

"என்ன மாமா, வரலையா?"

"வருதும்மா." கார்டைத் துணியில் துடைத்துக்கொண்டே சொன்னார்: "உங்க அத்தை நாளைக்குன்னு விட்டுவச்ச வேலை இது ஒண்ணுதான். இதையும் முடிச்சிட்டா அவ பாக்கி வச்சது ஒண்ணுமே இல்லை."

 ஜென்சி எழுந்து வந்து, வெந்நீரில் பிழிந்த புதுத் துணியை அவர் கையில் வைத்துவிட்டுப் போனாள். அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு தேய்த்தார். திட்டு போய்விட்டது. கீழே தகடு பளிச்சென்று தெரிந்தது. அதில் தெரிந்த தன் முகத்தில் சோடா அப்பியிருப்பதைப் பார்த்து அவருக்கே சிரிப்பு வந்தது.

நன்றாகக் காயவிட்டு, ஜென்சியை நசீரா வீட்டுக்கு அனுப்பிவிட்டு, வெறும் ஓவனைக் கொஞ்ச நேரம் சூடாக்கிப் பார்த்தார். புகை இல்லை, நெடி இல்லை. அதன் பிறகே அவளைக் கூப்பிட்டார்.

அவள் மாவு கலந்தாள், அவர் முட்டை அடித்தார். ஓவனை எப்போதும்போலத் தரையில் ஒரு பலகைமேல் வைத்திருந்தார்கள். கேக் உள்ளே போனதும் அவர் அதன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். இத்தனை வருடத்தில் அக்னஸ் அவரைச் சமையலறைக்குள் விட்டதே இல்லை. கேக் உப்புவதை அவர் பார்த்ததே இல்லை. கண்ணாடிக்குப் பின்னால், மஞ்சள் வெளிச்சத்தில், அது மெல்ல எழும்பியது. "ஜென்சி, இங்க வந்து பாரேன்!" அவளும் சுவரைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஓவனின் மணி அடித்தது. எழுந்திருக்கப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அவருக்கு முட்டி பிடித்துக்கொண்டது. அவளுக்கு வயிறு இடம் கொடுக்கவில்லை.

"நசீரா அக்கா!"

நசீரா ஓடி வந்து, தரையில் இருந்த இருவரையும் பார்த்தாள். "யா அல்லா! யாரை முதல்ல தூக்குறது?"

"கேக்கை!" என்றார்கள் இரண்டு பேரும்.