ஒலிப்பதிவில் இல்லாத பதில்

ஆய்வேட்டை எழுதியது மாணவரா, ஏஐ-யா என்று கண்டுபிடிக்க முடியாமல் போனபோது, வாய்மொழித் தேர்வு வைத்துவிடலாம் என்று துறைக் கூட்டத்தில் சொன்னவள் நான்தான். விதிகளையும் நானே எழுதினேன். எல்லோருக்கும் ஒரே ஐந்து கேள்விகள், பத்து நிமிடம், ஆங்கிலத்தில். பதிவாகும் பதிலுக்குத்தான் மதிப்பெண். பத்துக்கு ஐந்து வாங்காவிட்டால் ஆய்வேடு செல்லாது. யாருக்கும் சலுகை இல்லை என்பதே நியாயம் என்று அப்போது நினைத்தேன்.

மேகலா என் எதிரில் உட்கார்ந்தாள். கடற்கரை மீனவர் பகுதியான நொச்சிக்குப்பத்துப் பெண். சாலையோரம் மீன் விற்கும் பெண்கள் எப்படி விலை வைக்கிறார்கள் என்று எழுதியிருந்தாள். அது செல்லாமல் போனால் ஜூனில் அவளுக்கு எம்.ஏ. சீட் இல்லை.

என்னோடு தேர்வு நடத்திய சுந்தரராமன் சார் ஆங்கிலத்தில் முதல் கேள்வியைக் கேட்டார். அவள் வாயைத் திறந்தாள். "சார்... தட்..." அவ்வளவுதான். மேசைமேல் பதிவாகிக்கொண்டிருந்த போனில் விநாடிகள் ஓடின.

"டேக் யுவர் டைம்" என்றேன். விதிப்படி நான் சொல்லக்கூடியது அது ஒன்றுதான்.

ஐந்து கேள்விக்கும் அதே போல்தான். ஒருமுறை என்னைப் பார்த்தாள். நான் கேள்வித்தாளைப் பார்த்தேன்.

அடுத்து வந்தவன் பிரணவ், வசதியான அபிராமபுரத்துப் பையன். எதற்கும் நேராகப் பதில் சொல்லவில்லை. ஆனால் சரளமாகச் சொன்னான். பத்துக்கு ஒன்பது.

இடைவேளையில் படிக்கட்டில் அவன் குரல் கேட்டது. "காலைலேந்து ஏஐ-கிட்டயே ஆறு வைவா குடுத்தேன் மச்சி. கிட்டத்தட்ட அதே கேள்விதான்!"

கீழ்ப்படியில் மேகலா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன். "சாயந்திரம் விலை ஏன் இறங்குது?" என்று தமிழில் கேட்டேன்.

"ஐஸ் கரையறதாலன்னு எல்லாரும் நெனக்கிறாங்க மேடம். அது இல்ல. முப்பத்திரண்டு பேருகூட ஒக்காந்து பார்த்தேன். ஸ்கூல் வுட்டு புள்ளைங்க வூட்டுக்கு வந்துடும்ல? அந்த அவசரம். சின்னப் புள்ள இல்லாதவங்க ஆறு மணிக்கும் வெலய வுட மாட்டாங்க. எங்கம்மா இப்பல்லாம் வுடறதே இல்ல."

அறைக்கு ஓடினேன். "சார், அவளுக்கு இன்னொரு தடவை வைக்கலாம். தமிழில்."

சுந்தரராமன் சார் கண்ணாடியைத் துடைத்தார். "மத்தவாளுக்கு?"

"பிரணவ் படிக்கட்டில் என்ன சொன்னான் தெரியுமா?"

"அது பதிவுல இருக்கா? இல்லையே. ரூல் நீங்க எழுதினதுதானே, ஜலஜா."

என் சொற்களே அறைக்கு நாலு சுவராகிவிட்டன. இவளுக்காக ஒரு செங்கலை உருவினால் நாளைக்கு வேறு யாருக்காகவோ இன்னொன்று. உருவாமல் விட்டால் உள்ளே இவள். கணினியில் மேகலா பெயருக்கு நேரே இரண்டு என்று பதிந்தேன். பதிந்ததும் கட்டம் சாம்பல் நிறமாகிப் பூட்டிக்கொண்டது.

வெளியே வந்தபோது அவள் நின்றிருந்தாள். என் முகத்திலேயே படித்துவிட்டாள்.

"அத எழுதுனது நான்தான்னு நம்புறீங்களா மேடம்?"

"நம்புறேன்."

"அப்ப நம்புறேன்னு எழுதிக் கையெழுத்து போட்டுக் குடுங்க. பிரின்சிபால்கிட்ட காட்றேன்."

அவள் நீட்டிய காகிதத்தை வாங்கிக்கொண்டேன். எழுதினால், காலையிலிருந்து நான் போட்ட அத்தனை மதிப்பெண்ணும் பொய் என்று நானே கையெழுத்திட்டதாகும். வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை.

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"டேக் யுவர் டைம், மேடம்" என்றாள். தடுமாறாமல்.