அருமையான மரம்

அத்தான் ஒரு துணியை "அருமை" என்றால் அதை வாங்கமாட்டார் என்று அர்த்தம். மொத்தக்கடையில் துணியின் ஓரத்தை இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துப் பார்ப்பார். பிடிக்காவிட்டால் "அருமையான சரக்குங்க" என்று கும்பிட்டு எழுந்துவிடுவார். பிடித்துப்போனால்தான் முகம் கோணும். "நூல்ல முடிச்சு. சாயம் நிக்காது. இத எவன் வாங்குவான்?" என்று ஆரம்பித்தால் விற்கிறவன் தெம்பாகி டீ சொல்லிவிடுவான்.

காய்ச்சலில் ஒரே மகள் போன பிறகு அவர் எதையும் குறை சொல்லி வையவில்லை.

டீயைக் கொதிக்கக் கொதிக்கக் குடித்து நாக்கு வெந்தது அவருக்குத் தெரியவில்லை. கதவிடுக்கில் விரல் நசுங்கி, ரத்தம் சொட்டச் சொட்டக் கல்லாவில் உட்கார்ந்திருந்தார். ஒருநாள் நடுரோட்டில் நின்றுவிட்டார். லாரிக்காரன் இறங்கி வந்து வாய்க்கு வந்தபடி திட்ட, இவர் "நல்ல வண்டி" என்றாராம். அன்றிலிருந்து அக்கா தன் மணிக்கட்டையும் அவர் மணிக்கட்டையும் ஒரு துணிக்கிழிசலால் கட்டிக்கொண்டுதான் படுத்தாள்.

நரம்பில் குறையில்லை என்றார் டாக்டர். மரம், மண், காற்று என்று வெளியில் கூட்டிப்போய் உடம்பை உணரவைக்கும் ஒரு சிகிச்சைக்காரம்மாவிடம் அனுப்பினார். அதுவும் பலிக்காவிட்டால் ஆஸ்பத்திரியில் சேர்த்துக் காவல் போட வேண்டியதுதான் என்றார்.

ஏரிக்கரைத் தோப்பு. நானும் துணைக்குப் போவேன்.

"கண்ண மூடிக்கோங்க சார். மூச்சு உள்ள போறத கவனிங்க. உள்ளங்கைய மரத்துல வைங்க. என்ன தெரியுது?"

"அருமையான மரம்ங்க."

"பாதத்துக்குக் கீழ?"

"நல்ல மண்ணு."

"காத்து?"

"முதல் தரம்."

சில வாரம் இப்படியே போயிற்று. அந்த அம்மாவுக்கு வாயெல்லாம் பல். "நல்ல முன்னேற்றம்மா. இன்னியோட முடிச்சுக்கலாம்" என்றார்.

அக்காவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "முன்னேற்றமா? உங்க கடைய விட்டு எழுந்திரிச்சுட்டாரும்மா! பிடிக்காத சரக்கத்தான் இவரு புகழுவாரு. இன்னிக்குக் காலையில என்னைப் பார்த்து, 'நீ அருமையானவ'ன்னாரு."

கல்யாணமான நாளிலிருந்து அவர் சொல்லாத வார்த்தை.

மழை பிடித்துக்கொண்டது. சிகிச்சைக்காரம்மா, "வாங்க, ஷெட்டுக்குப் போயிடலாம்" என்றார். அக்கா அசையவில்லை. அத்தானின் கையைப் பிடித்து மரப்பட்டையில் வைத்து, தன் விரல்களால் அழுத்தினாள்.

"குறை சொல்லுங்க! ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க! என்னையும் நல்லவள்னு சொல்லிட்டுக் கிளம்பிடலாம்னு பாக்கறீங்களா?"

"நல்ல மர..."

"வாய மூடுங்க! குறை சொல்லுங்க!"

அவள் கத்தியதில் தோப்பில் ஒதுங்கியிருந்த காக்கைகள் கிளம்பின. அவர் நின்றுகொண்டே இருந்தார். சட்டை உடம்போடு ஒட்டிப்போயிற்று. நான் மனதுக்குள் ஆஸ்பத்திரிக்குத் துணிமணி கட்ட ஆரம்பித்துவிட்டேன்.

அப்போது அவருடைய கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் லேசாக நகர்ந்தன. பட்டையிலிருந்த பாசியைத் தேய்த்தன.

"ஈரம்" என்றார்.

மறுபடியும் தேய்த்துப் பார்த்தார்.

"எடைக்காக நனைச்சு வச்சிருக்கானுங்க."

அக்கா வியாபாரி பெண்டாட்டி அல்லவா? "பிடிக்கலன்னா விடுங்க. வாங்க வேற ஆள் இருக்கு" என்றாள்.

அவர் விடவில்லை. முகம் ஒரு பக்கமாகக் கோணிற்று.

"கை எரியுதுடி. நகத்த வெட்ட மாட்டியா நீ?"

அக்கா நகத்தை இன்னும் அழுத்தினாள்.