சாப்பாட்டுக்கு முன், முப்பது நாள்

"மாத்திரை எங்கடி?" என்று நஞ்சம்மா மூன்றாம் முறையாகக் கேட்டாள். மருமகள் சாந்தம்மாவின் கையில் மருந்துச் சீட்டு மட்டும்தான் இருந்தது.

சாந்தம்மாவின் கணவன் ஆஞ்சப்பன் ஜூஜுவாடியில் லாரி மோதிச் செத்து ஒன்பது மாதம் ஆகிறது. அன்றிலிருந்து அவன் தம்பி கோவிந்தப்பன் காலை ஆறே முக்கால் மணி கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பும்போதெல்லாம் அவள் பின்னறைக் கதவுக்குப் பின்னால் நிற்க வேண்டும். தாலியறுத்தவள் முகத்தில் விழித்துவிட்டுப் போனால் கம்பெனி மெஷின் விரலை வாங்கிவிடும் என்பது வீட்டின் நம்பிக்கை. மெஷினுக்கு இது தெரியுமா என்று யாரும் விசாரித்ததில்லை. அவளுக்கு நெஞ்சு அடைத்தது, தூக்கம் போனது. மஞ்சள் மாத்திரை, வெள்ளை மாத்திரை எல்லாம் விழுங்கியும் பலனில்லை. இப்போது ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்த டாக்டரம்மா வெறும் சீட்டை எழுதி அனுப்பியிருந்தாள்.

நஞ்சம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் சீட்டு என்றால் பக்தி. பத்து வருடச் சீட்டுகளைக் கம்பியில் குத்தி, சாமி படத்துக்குப் பக்கத்தில் தொங்கவிட்டிருந்தாள். இதை ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் நூருல்லாவிடம் எடுத்துப் போனாள். அவர் வாசித்துக் காட்டினார்: காலை ஆறு மணிக்கு, சாப்பாட்டுக்கு முன், பஸ் ஸ்டாப் வரை நடை. தனியாகப் போகக் கூடாது. நாலு பேரோடு அரை மணி நேரம் பேச வேண்டும். முப்பது நாள்.

"இதையே ஊசியாப் போட்டுர முடியாதாப்பா?"

"இதுக்கு ஊசி இன்னும் வரலீங்கம்மா" என்றார் நூருல்லா, முகம் மாறாமல்.

"பத்தியம் எதாச்சும்?"

"டாக்டரம்மா எழுதலீங்க."

அவர் சீட்டில் வட்ட முத்திரை குத்தினார். நஞ்சம்மா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவள் காலையில் தெருவில் நடப்பதா என்று கோவிந்தப்பன் குதித்தான். முத்திரையைக் காட்டி அவனை அடக்கினாள்.

மறுநாள் முதல் பக்கத்து வீட்டு ருக்மணியோடு சாந்தம்மா போனாள். நூல் மில்லில் வேலை செய்யும் ருக்மணி அஞ்செட்டிக்காரி. பனியில் அந்த பஸ் ஸ்டாப் ஏதோ தூர தேசத்து ரயில் நிலையம் போல இருந்தது. அங்கே ருக்மணி தன் ஊர்க் கேழ்வரகுக் கொல்லையில் யானை புகுந்ததையும், மில் மேஸ்திரியின் ஒட்டு முடி மெஷினில் மாட்டியதையும் சொன்னாள். சாந்தம்மா சிரித்துவிட்டாள். சிரித்தது யார் என்று அவளே திரும்பிப் பார்த்தாள். பதினோராம் நாள் விடியும் வரை தூங்கினாள்.

கோவிந்தப்பன் பாடுதான் திண்டாட்டம். அவள் பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது அவன் எப்படித் தெருவில் இறங்குவான்? அவள் திரும்பி வந்து அடுப்படிக்குள் போகும் வரை பின்னறைக் கதவுக்குப் பின்னால் நின்றான். பிறகு தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு பஸ்ஸைத் துரத்தினான். ஆறு முறை தவறவிட்டான். கம்பெனியில் மெமோ கொடுத்தார்கள். சாந்தம்மா ஒன்பது மாதம் நின்ற இடத்தில் அவனால் ஒரு மாதம் நிற்க முடியவில்லை.

முப்பதாம் நாள் மாலை நஞ்சம்மா சீட்டைக் கம்பியில் குத்தினாள். "மருந்து முடிஞ்சுது. நாளையிலருந்து உள்ளயே கெட" என்றாள்.

அப்போதுதான் கோவிந்தப்பன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரியிலிருந்து வந்தான். கையில் சீட்டு. எட்டாவது வரை படித்த சாந்தம்மா வாங்கி வாசித்தாள். அதே கையெழுத்து, அதே நடை, அதே முத்திரை. தனியாகப் போகக் கூடாது. நஞ்சம்மாவின் முழங்கால் தினமும் அவ்வளவு தூரம் நடக்க விடாது. வீட்டில் வேறு ஆள் இல்லை.

காலை ஆறு மணிக்குச் சாந்தம்மா செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"வா தம்பி, நேரமாவுது."

கோவிந்தப்பன் வந்தான். அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு தன் பத்து விரல்களையும் ஒருமுறை பார்த்துக்கொண்டு படியிறங்கினான்.

"ஏண்டி, அவனுக்காச்சும் பத்தியம் உண்டா?" என்று உள்ளேயிருந்து நஞ்சம்மா கேட்டாள்.

"உண்டு அத்தை" என்றாள் சாந்தம்மா, திரும்பாமலே. "கதவுக்குப் பின்னாடி நிக்கக் கூடாது."