மணியின் நாக்கு

மாலை ஐந்து மணிக்குள் கடிதம் தபாலில் சேர்ந்துவிட வேண்டும். "இருக்கையை விட்டுவிடுகிறேன்" என்ற கட்டத்தில் வெண்டல் குறி போட்டுவிட்டான், கையெழுத்துதான் பாக்கி. அமெரிக்கக் கால்பந்து அரங்கத்தில் ஒரு நிரந்தர இருக்கைக்காக முப்பது வருடம் காத்திருப்பவர்கள் விஸ்கான்சினில் உண்டு. விட்டால் இந்தப் பிறவியில் திரும்பக் கிடைக்காது.

"ஹாலோரனுக்கு அஞ்சு கோடி டாலர்! வருஷத்துக்கு!" என்று மதுக்கடை மேசையைத் தட்டினான். "கடைசி நிமிஷத்துல பந்தை எதிராளி கையில வச்சுட்டு வர்றதுக்கு அஞ்சு கோடியா? அதை நானே சும்மா செஞ்சு குடுப்பேன்."

எதிரே ரோண்டா பொரித்த பாலாடைக்கட்டியை மென்றுகொண்டிருந்தாள். பள்ளிப் பேருந்து ஓட்டுபவள். பத்தொன்பது வருடமாக அரங்கத்தில் அவனுக்கு அடுத்த இருக்கை.

"ஹாலோரன் நேத்து முந்நூறு கெஜம் எறிஞ்சான்யா."

"அந்தக் கடைசி எறி? ஜெயிச்சிருந்தா அடுத்த சுற்று!"

"சரி, காட்டு. எப்படிப் போச்சுன்னு காட்டு பாப்போம்."

இதைக் கேட்டால் வெண்டலால் சும்மா இருக்க முடியாது. வீடுகளின் ஹீட்டர்களைப் பழுதுபார்ப்பவன். எதையும் பிரித்துக் காட்டுவதில் அவனுக்கு அலாதி சுகம். கடுகு பாட்டிலை நடுவில் வைத்தான். அதுதான் குவார்ட்டர்பேக் ஹாலோரன், பந்தை எறிபவன். அவனுக்கு முன்னால் ஐந்து பாலாடைக்கட்டித் துண்டுகள்: அவனைக் காக்கும் தடுப்பாளர்கள். அவர்களுக்கு எதிரே ஆலிவ் காய்கள்.

"பந்து கைக்கு வர்றதுக்கு முன்னாடி ஹாலோரன் பாக்கிறான். இந்த ஆலிவ் இடது ஓரமா நகருது. பாயப் போகுதுன்னு தெரிஞ்சுடுச்சு. உடனே திரும்பி, திட்டத்தை மாத்திக் கத்தினான். இடது கோடித் தடுப்பாளன் வெளிப்பக்கம் போகணும்."

"போனானா?"

"உள்பக்கம் போயிட்டான், மடையன். ஆலிவ் நேரா வந்து பாட்டிலைச் சாய்ச்சுது." பாட்டில் சாய்ந்தது. "கை இடறிப் பந்து எதிராளிகிட்ட போச்சு. பாத்தியா? யாரு தப்பு?"

"வீடு குளிருதுன்னா ஹீட்டரைத் திட்டாதீங்க, காத்து எங்க நின்னுச்சுன்னு பின்னாடியே போய்ப் பாருங்கன்னு ஊரெல்லாம் சொல்றவன் யாரு?" ரோண்டா ஒரு தடுப்பாளனை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். "அவன் ஏன் உள்பக்கம் போனான்?"

"ஹாலோரன் கத்தினது காதுல விழலை."

"ஏன் விழலை?"

வெண்டல் சன்னல் வழியே வெளியே நின்ற தன் வண்டியைப் பார்த்தான்.

நம் அணியிடம் பந்து இருக்கும்போது அரங்கமே மூச்சடக்கி இருக்கும். எதிரணியிடம் போனால்தான் கூச்சல். மாட்டு மணி கொண்டுபோகிறவர்கள் அதுவரை அதன் நாக்கைக் கையுறைக்குள் பிடித்திருப்பார்கள். தெற்கு மூலையில் முதல் மணி வெண்டலுடையது. அவன் ஆட்டினால் நூறு மணி ஆடும். நேற்றுக் கடைசி எறி அந்த மூலைக்கு நேர் எதிரேதான் நடந்தது. அதற்கு முந்தைய இரண்டு எறிகளும் தவறியிருந்தன. பொறுக்காமல் வெண்டல் கையுறையை விலக்கி மணியை ஆட்டிவிட்டான்.

"நான் அவனை எழுப்பத்தான்..." என்றான் வெண்டல், மிக மெதுவாக.

"எழுப்பினே. நல்லாவே எழுப்பினே. எனக்கு இன்னும் இந்தக் காது அடைச்சுக் கெடக்கு."

"நீ அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேன். மூணு தடவை. கேட்டுச்சா உனக்கு?"

வெண்டலுக்குக் காது சூடானது. பிறகு தோள் குலுங்கியது. கண்ணில் நீர் வரச் சிரித்தான். ரோண்டாவும் சேர்ந்துகொண்டாள். பழுது எங்கே என்று தெரிந்துவிட்டால் அவனுக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி. சாய்ந்து கிடந்த பாட்டிலை நிமிர்த்தி, அதன் மூடியில் வழிந்த கடுகைத் துடைத்துவிட்டான்.

"ஆனாலும் அஞ்சு கோடி அதிகம்தான்," என்றான்.

"அதிகம்தான். மணியைக் குடு."

வண்டியிலிருந்து மணியை எடுத்துவந்து கொடுத்தான்.

"நம்மகிட்ட பந்து இருக்கறப்போ இது என் மடியில இருக்கும். எதிராளிகிட்ட போனா உன் கையில. சம்மதமா?"

கடிதத்தில் போட்ட குறியை அடித்துவிட்டு, "தொடர்கிறேன்" என்ற பக்கத்துக் கட்டத்தில் புதுக்குறி போட்டுக் கையெழுத்திட்டான். மணி மூன்றரைதான். தபால் நிலையம் இரண்டு தெரு தள்ளி. இன்னொரு தட்டு பாலாடைக்கட்டி சொன்னான், தடுப்பாளர்கள் எல்லோரும் தீர்ந்துபோயிருந்தார்கள்.